ரிகர்ஷனை லூப்பாக மாற்றச் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா?

தளிர்:

வணக்கம். பைத்தானில் ஒரு சின்னக் கருவி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியிலிருந்து வரும் ஜேசன் (தரவைப் பரிமாறப் பயன்படும் உரை வடிவம்) ஆவணத்தை வாங்கி, அதற்குள் எந்த மட்டத்தில் இருந்தாலும் குறிப்பிட்ட ஒரு கீக்கு உரிய மதிப்புகளை எல்லாம் சேகரிக்க வேண்டும். ஆவணத்தில் வரும் அதே வரிசையில் விடை வர வேண்டும் என்பது முக்கியம். தன்னையே அழைக்கும் ஃபங்ஷனாக, அதாவது ரிகர்ஷனாக, நான் எழுதியதன் சாரம் இது:

```
சேகரி(பொருள், கீ, விடை):
    பொருள் டிக்ட் என்றால்:
        ஒவ்வொரு (பெயர், மதிப்பு) ஜோடிக்கும்:
            பெயர் == கீ என்றால்: விடையில் மதிப்பைச் சேர்
            சேகரி(மதிப்பு, கீ, விடை)
    பொருள் லிஸ்ட் என்றால்:
        ஒவ்வோர் உறுப்புக்கும்:
            சேகரி(உறுப்பு, கீ, விடை)
```

கோட் ரிவ்யூவில் "ரிகர்ஷன் வேண்டாம், லூப்பாக மாற்றுங்கள்" என்று ஒரு வரி வந்தது. காரணம் கேட்டேன். ஸ்டேக் (முடியாமல் நிற்கும் அழைப்புகளின் விவரங்களை வைக்கும் நினைவகப் பகுதி) நிரம்பிவிடும், மெதுவாகவும் ஓடும் என்றார்கள். சரி என்று ஒரு லிஸ்டையே அடுக்காக வைத்து மாற்றிப் பார்த்தேன்:

```
அடுக்கு = [பொருள்]
அடுக்கு காலியாகும் வரை:
    இப்போது = அடுக்கின் மேலிருந்து எடு
    இப்போது டிக்ட் என்றால்:
        அதில் கீ இருந்தால்: விடையில் அந்த மதிப்பைச் சேர்
        எல்லா மதிப்புகளையும் அடுக்கில் போடு
    இப்போது லிஸ்ட் என்றால்:
        எல்லா உறுப்புகளையும் அடுக்கில் போடு
```

மதிப்புகள் எல்லாம் கிடைக்கின்றன, வரிசைதான் மாறுகிறது. தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன், சில ஆவணங்களுக்குச் சரியாகிறது, சிலவற்றுக்கு இல்லை. முதல் வடிவத்தைப் படித்தாலே என்ன செய்கிறது என்று புரிகிறது. இரண்டாவது அப்படி இல்லை. இந்த மாற்றத்துக்கு உண்மையிலேயே காரணம் இருக்கிறதா, அல்லது பழக்கத்தில் சொல்வதா?

வேர்முடிச்சு:

முதல் வடிவம்தான் இந்த வேலைக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. ஜேசன் என்பதே தன்னைத் தானே கொண்டு வரையறுக்கப்பட்ட அமைப்பு. ஒரு மதிப்பு லிஸ்டாக இருக்கலாம், அந்த லிஸ்டின் உறுப்புகளும் மதிப்புகளே. தரவு இப்படி இருக்கும்போது அதைக் கையாளும் ஃபங்ஷனும் அப்படியே இருந்தால் படிப்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும். கம்பைலர் எழுதுபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் இரண்டிலும் சி++ பார்சர் (எழுதியதைப் படித்து அதன் அமைப்பைப் பிரித்தறியும் பகுதி) கையால் எழுதப்பட்ட ரிகர்சிவ் டிசென்ட் வகைதான். இலக்கணத்தின் ஒவ்வொரு விதிக்கும் ஒரு ஃபங்ஷன், அவை ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும்.

உங்கள் வரிசை ஏன் மாறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைகீழாகப் போடுவது பாதித் தீர்வுதான். ஒரு டிக்டில் முதலில் "அ" என்ற கீ, அதற்குள் நீங்கள் தேடும் கீ, மதிப்பு 1. அதே வெளி டிக்டில் அடுத்ததாக நீங்கள் தேடும் கீ, மதிப்பு 2. ரிகர்ஷன் வடிவம் 1, 2 என்று தரும். உங்கள் லூப் டிக்டைப் பார்த்த உடனேயே 2 ஐச் சேர்த்துவிடுகிறது, அப்புறம்தான் "அ"க்குள் இறங்குகிறது. எனவே 2, 1. ஒப்பிடும் வேலையை எடுக்கும் நேரத்துக்குத் தள்ள வேண்டும். அதாவது மதிப்பை மட்டும் போடாமல் (பெயர், மதிப்பு) ஜோடியாகத் தலைகீழ் வரிசையில் போடுங்கள். மேலிருந்து எடுக்கும்போது பெயரை ஒப்பிட்டுச் சேருங்கள், பிறகு அதன் பிள்ளைகளைப் போடுங்கள். வரிசை சரியாக வரும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரிகர்ஷனில் இந்தப் பிழைக்கு இடமே இருந்திருக்காது. லூப்பாக மாற்றும்போது நுழைந்தது. ரிவ்யூ செய்பவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சில்லு:

நான் எம்பெடெட் பக்கம் வேலை செய்பவன், அதனால் எதிர்த் தரப்பிலிருந்து பேசுகிறேன். ஸ்டேக் நிரம்பிவிடும் என்பதைப் பழக்கத்தில் சொல்வது என்று ஒதுக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

லினக்ஸில் ஒரு புரோக்ராமின் முதன்மை த்ரெட்டுக்கு வழக்கமான ஸ்டேக் வரம்பு 8 எம்பி. விண்டோஸில் 1 எம்பி. மேக்கில் முதன்மை த்ரெட்டுக்கு 8 எம்பி, மற்ற த்ரெட்டுகளுக்கு 512 கேபி. மஸ்ல் சி லைப்ரரியில் புதிய த்ரெட்டுக்குக் கிடைப்பது 128 கேபி மட்டும். லினக்ஸ் கெர்னலுக்குள் எக்ஸ்86-64 இல் ஒரு த்ரெட்டுக்கு 16 கேபி. நாங்கள் எழுதும் சிறு கன்ட்ரோலர்களில் ஒரு டாஸ்க்குக்கு 1 கேபி, 2 கேபி ஒதுக்குவது சாதாரணம்.

சி மொழியில் ஒரு அழைப்புக்கு ஸ்டேக்கில் பிடிக்கும் இடம், அதாவது ஃபிரேம், 128 பைட் என்று வைத்துக்கொண்டால் 8 எம்பியில் ஏறக்குறைய 65,000 ஆழம் போகலாம். அதே ஃபங்ஷனுக்குள் யாரோ 4 கேபி அளவுள்ள ஒரு லோக்கல் அரேயை வைத்துவிட்டால் 2,000 ஆழத்திலேயே முடிந்துவிடும். ஃபங்ஷனின் தர்க்கத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் தாங்கும் ஆழம் 30 மடங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. அதே கோடை மஸ்ல் உள்ள சூழலில் ஒரு த்ரெட்டில் ஓட்டினால் இன்னும் மோசம்.

பெரிய கணினியில் ஸ்டேக் நிரம்பினால் புரோக்ராம் விழும், குறைந்தபட்சம் தெரியவாவது தெரியும். சிறு சில்லுகள் பலவற்றில் நினைவகப் பாதுகாப்பு கிடையாது. ஸ்டேக் வழிந்து பக்கத்து வேரியபிளின் மேல் எழுதிவிடும். பிழை வேறு எங்கோ, வேறு எப்போதோ வெளிப்படும். அதனால்தான் வாகன மென்பொருளுக்காகத் தொடங்கிய சி விதித்தொகுப்பான மிஸ்ரா சி 2012 இன் 17.2 ஆம் விதி ஒரு ஃபங்ஷன் நேரடியாகவோ சுற்றி வளைத்தோ தன்னையே அழைக்கக் கூடாது என்கிறது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006 இல் வெளியிட்ட பத்து விதிகளில் முதல் விதியே ரிகர்ஷனையும் கோட்டூவையும் விலக்குகிறது. காரணம் அழகானது. ரிகர்ஷன் இல்லையென்றால் எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்ற வரைபடத்தில் சுழற்சியே இருக்காது. அப்போது அதிகபட்சம் எவ்வளவு ஸ்டேக் தேவைப்படும் என்பதை ஓட்டாமலேயே ஒரு கருவியால் கணக்கிட முடியும். இரண்டாவது விதி லூப்புகளுக்கும் மேல்வரம்பு கேட்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். லூப் என்றாலே பாதுகாப்பு என்று அவர்களும் சொல்லவில்லை.

வேர்முடிச்சு:

சில்லு சொல்லும் சூழலில் நானும் அந்த விதிகளை மறுபேச்சில்லாமல் ஏற்பேன். ஆனால் வாகனத்துக்கும் விண்கலத்துக்கும் எழுதிய விதியை ஒரு பைத்தான் கருவிக்கு அப்படியே பொருத்துவதில் நியாயம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஸ்டேக் எவ்வளவு பெரியது என்பது மட்டும் அல்ல. ஆழத்தைத் தீர்மானிப்பது யார்?

சமநிலை காக்கும் ட்ரீயில் தேடுகிறீர்கள் என்றால் ஆழத்தை அல்காரிதம் தீர்மானிக்கிறது. ரெட்-பிளாக் ட்ரீயில் 10 லட்சம் நோடுகள் இருந்தாலும் உயரம் 40 ஐத் தாண்டாது. பைனரி சர்ச், இருமடிப்பு முறையில் ஓர் எண்ணின் அடுக்கை (பவர்) கணக்கிடுவது, மெர்ஜ் சார்ட் எல்லாவற்றிலும் ஆழம் லாகரிதம்தான். இங்கே ஸ்டேக் நிரம்பும் என்று பயப்படக் காரணமே இல்லை.

சமநிலை இல்லாத சாதாரண பைனரி ட்ரீயில் வரிசைப்படுத்திய தரவைப் போட்டால் அது நேர்க்கோடாக நீளும். 10 லட்சம் நோடு, 10 லட்சம் ஆழம். லிங்க்டு லிஸ்டை ரிகர்ஷனால் நடப்பதும் அப்படியே. படத்தில் ஒரு பகுதிக்கு நிறம் நிரப்பும் ஃப்ளட் ஃபில்லை ரிகர்ஷனால் எழுதினால் 1000 க்கு 1000 படத்தில் ஆழம் 10 லட்சம் வரை போகலாம். இந்த மூன்றிலும் நான் யோசிக்காமல் லூப்புக்குப் போவேன்.

வரிசைப்படுத்தும் முறையான குயிக்சார்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இதைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் பிடிக்கும். டோனி ஹோர் அந்த முறையை முதலில் கண்டுபிடித்தபோது அதை விளக்கவே சிரமப்பட்டார். 1961 இல் அல்கால் 60 வகுப்பொன்றில் ரிகர்ஷனைக் கற்ற பிறகுதான் அதைத் தெளிவாக எழுத முடிந்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். ஆனால் அந்த எளிய வடிவத்தில் பிவட் (பிரிப்பதற்குத் தேர்ந்த உறுப்பு) மோசமாக அமைந்தால் ஆழம் உறுப்புகளின் எண்ணிக்கை வரை போய்விடும். தீர்வு இரண்டையும் கலப்பது. பிரித்த பிறகு சிறிய பாதிக்கு மட்டும் ரிகர்ஷன், பெரிய பாதிக்கு அதே ஃபங்ஷனுக்குள் லூப். ஒவ்வோர் அழைப்பிலும் அளவு பாதிக்குக் கீழே குறைவதால் 100 கோடி உறுப்புகளுக்கும் ஆழம் 30 அளவில் நின்றுவிடும். 1997 இல் டேவிட் மஸ்ஸர் கொண்டுவந்த இன்ட்ரோசார்ட் வேறு விதமாகக் காக்கிறது. ஆழம் லாகரிதத்தின் இரண்டு மடங்கைத் தாண்டினால் குயிக்சார்ட்டை விட்டுவிட்டு ஹீப்சார்ட்டுக்கு மாறிவிடும். ஆழத்தை எண்ணி, அதை வைத்தே முடிவெடுக்கும் அல்காரிதம்.

ஒன்றைத் தேர்ந்தால் மற்றதை விட வேண்டும் என்று பேசுபவர்கள் இந்த உதாரணத்தை ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஒற்றையடி:

ஸ்டேக் கதை இருக்கட்டும். வேகம்? ஃபிபனாச்சியை ரிகர்ஷனால் எழுதினால் 40 ஆவது எண்ணுக்கே காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. லூப் கண் சிமிட்டுவதற்குள் முடிக்கிறது. இதைவிட என்ன சான்று வேண்டும்?

பின்னல்:

> இதைவிட என்ன சான்று வேண்டும்?

இந்த உதாரணம் எல்லா வகுப்பிலும் சொல்லித்தரப்படுகிறது, தவறான பாடத்தோடு. அங்கே நேரத்தைத் தின்பது ரிகர்ஷன் அல்ல, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்வது. 40 ஆவது எண் 10,23,34,155. அதைப் பெற அந்த ஃபங்ஷன் மொத்தம் 33,11,60,281 முறை அழைக்கப்படுகிறது. தேவையான வெவ்வேறு விடைகளோ 41 தான், 0 முதல் 40 வரை. கண்ட விடைகளை நினைவில் வைத்துக்கொள்ளும்படி எல்ஆர்யூ கேஷ் டெக்கரேட்டரை மேலே ஒரு வரியாகப் போடுங்கள். ரிகர்ஷன் அப்படியே இருக்கும், காத்திருப்பு காணாமல் போகும். அதே வீண்வேலையைச் செய்யும் ஒரு லூப்பையும் அடுக்கு வைத்து எழுதலாம், அதுவும் கோடிக்கணக்கில் சுற்றும்.

தட்டுகளை ஒவ்வொன்றாக ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஹனாய் கோபுரப் புதிரை எதிர்ப்பக்கமாகப் பாருங்கள். 64 தட்டுகளுக்கு 2 இன் 64 ஆம் அடுக்கில் 1 குறைத்த அளவு நகர்வுகள், அதாவது 1,84,467 கோடி கோடிக்கும் மேல். லூப்பால் எழுதினாலும் அந்த எண்ணிக்கை குறையாது, ஏனென்றால் அந்த வேலை உண்மையிலேயே செய்யப்பட வேண்டிய வேலை. ஆழம் என்னவோ 64 தான்.

ஒரு ஃபங்ஷன் அழைப்புக்குச் செலவு உண்டு என்பது உண்மை. பைத்தானில் அது லூப்பின் ஒரு சுற்றைவிடக் கணிசமாக அதிகம். ஒரு லிஸ்டைக் கூட்ட ரிகர்ஷன் எழுதினால் அந்தச் செலவு வீண்தான். ஆனால் தளிரின் கருவியில் ஒவ்வொரு நோடிலும் டிக்டைத் திறந்து, ஒப்பிட்டு, சேர்க்கும் வேலை இருக்கிறது. அடுக்காக வைத்த லிஸ்டில் போடுவதும் எடுப்பதும் இலவசம் அல்ல. அளந்து பார்க்காமல் இதில் வேகத்தைக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

நடுநிசி:

டெயில் கால் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. ரிகர்ஷனை அப்படி எழுதினால் ஸ்டேக் பிரச்சினையே இல்லை என்று படித்திருக்கிறேன். தளிர் தன் ஃபங்ஷனை டெயில் ரிகர்ஷனாக மாற்றினால் போதாதா?

பின்னல்:

போதாது. இரண்டு காரணங்கள்.

ஒன்று, மொழி ஒத்துழைக்க வேண்டும். ஒரு ஃபங்ஷன் கடைசியாகச் செய்வது இன்னோர் அழைப்பு மட்டும் என்றால் பழைய ஃபிரேமை வைத்திருக்கத் தேவையில்லை, அதன் இடத்திலேயே புதியதை வைக்கலாம். ஸ்கீம் மொழியில் இது விதி, அதன் தரநிலையே கட்டாயமாக்குகிறது. எர்லாங்கில் நாள்கணக்கில் ஓடும் சர்வர் புராசஸ்கள் தங்களையே கடைசியாக அழைத்துக்கொண்டுதான் சுழல்கின்றன. காட்லினில் டெயில்ரெக் என்று குறித்தால் கம்பைலர் அதை லூப்பாக மாற்றித் தரும். ஸ்காலாவிலும் அப்படி ஒரு குறிப்பு உண்டு, கடைசி அழைப்பாக இல்லையென்றால் கம்பைலரே பிழை காட்டும். குளோஜரில் ரீகர் என்று தனியாக எழுத வேண்டும்.

சியில் ஜிசிசியும் கிளாங்கும் ஆப்டிமைசேஷன் போட்டால் பெரும்பாலும் செய்துவிடும், ஆனால் மொழி உறுதி தரவில்லை. டீபக் பில்டில் விழுந்து ரிலீஸ் பில்டில் ஓடும் கோட் இப்படித்தான் பிறக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் 2015 தரநிலையில் டெயில் கால் எழுதப்பட்டே இருக்கிறது, பெரிய பிரவுசர்களில் சஃபாரியின் எஞ்சின் மட்டும்தான் அதைச் செயல்படுத்தி வைத்திருக்கிறது. பைத்தானில் கிடையாது. கிடோ வான் ரோசம் 2009 இலேயே வேண்டாம் என்று எழுதினார். ஃபிரேம்களை அழித்துவிட்டால் பிழை வரும்போது டிரேஸ்பேக்கில் வழி தெரியாமல் போய்விடும் என்பது அவர் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று.

இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. தளிரின் ஃபங்ஷன் ஒரு நோடுக்கு ஓர் அழைப்பு செய்வதில்லை, பிள்ளைகள் எத்தனையோ அத்தனை அழைப்புகள். கடைசிப் பிள்ளைக்கான அழைப்பு மட்டும்தான் டெயில் காலாக முடியும். மற்ற ஒவ்வொன்றிலும் திரும்பி வந்து மிச்சத்தைப் பார்க்க வேண்டும், அந்த மிச்சத்தை எங்கோ நினைவில் வைத்தாக வேண்டும். அது மொழியின் ஸ்டேக்கில் இருக்கலாம், நீங்கள் வைத்த லிஸ்டில் இருக்கலாம். இல்லாமல் போக வழியில்லை.

சுற்றெண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்த ஃபார் லூப்புகளால் மட்டும் எல்லாவற்றையும் கணக்கிட முடியாது என்று 1928 இலேயே ஆக்கர்மன் ஓர் எடுத்துக்காட்டு கொடுத்துவிட்டார். இன்று அவர் பெயரில் வழங்கும் இரண்டு மாறிகள் கொண்ட வடிவத்தில் (4, 2) என்று கொடுத்தால் விடை 2 இன் 65,536 ஆம் அடுக்கில் 3 குறைவு, 19,729 இலக்கங்கள். வைல் லூப்பும் ஓர் அடுக்கும் இருந்தால் அதையும் எழுதலாம். ரிகர்ஷனால் முடிவது எல்லாம் லூப்பாலும் முடியும் என்று சொல்பவர்கள் சொல்வது சரிதான், அந்த லூப்புக்குப் பக்கத்தில் ஓர் அடுக்கு நிற்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தளிர்:

வேர்முடிச்சு சொன்னபடி ஜோடியாகப் போட்டேன், வரிசை சரியாக வந்துவிட்டது. மிக்க நன்றி. இதே கருவியில் அடுத்து ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கிளைக்கும் அதற்குக் கீழே மொத்தம் எத்தனை மதிப்புகள் என்று எண்ணி அந்தக் கிளையிலேயே எழுத வேண்டும். பிள்ளைகளின் எண்ணிக்கை தெரிந்த பிறகுதான் பெற்றோருக்குத் தெரியும். ரிகர்ஷனில் அழைப்பு திரும்பியதும் கூட்டினால் முடிந்தது. லூப்பில் எடுத்த நோடு போய்விடுகிறதே, எப்படித் திரும்பி வருவது?

வேர்முடிச்சு:

மாற்றங்களிலேயே சிரமமானது இதுதான். இறங்கும்போது செய்யும் வேலையை லூப்பாக்குவது எளிது, ஏறும்போது செய்யும் வேலை அப்படி இல்லை. இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஒவ்வொரு நோடையும் அடுக்கில் இரண்டு முறை போடுவது. முதல் முறை "நுழைவு" என்ற குறியோடு. அதை எடுக்கும்போது அதே நோடை "வெளியேற்றம்" என்ற குறியோடு திரும்பப் போட்டு, அதன் மேல் பிள்ளைகளைப் போடுங்கள். பிள்ளைகள் எல்லாம் தீர்ந்த பிறகே வெளியேற்றக் குறி மேலே வரும், அப்போது கூட்டுங்கள்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. அடுக்கில் நோடுகளுக்குப் பதிலாக இட்டரேட்டர்களை வையுங்கள்:

```
அடுக்கு = [வேரின் பிள்ளைகளுக்கான இட்டரேட்டர்]
அடுக்கு காலியாகும் வரை:
    மேலே உள்ள இட்டரேட்டரிடம் அடுத்த பிள்ளையைக் கேள்
    பிள்ளை கிடைத்தால்:
        அதன் பிள்ளைகளுக்கான இட்டரேட்டரை மேலே வை
    தீர்ந்துவிட்டது என்றால்:
        ஏறும்போது செய்ய வேண்டியதைச் செய்
        மேலே உள்ளதை நீக்கு
```

இப்படி எழுதினால் அடுக்கின் உயரம் எப்போதும் ஆழத்துக்குச் சமம். பிள்ளைகளை மொத்தமாகப் போடும் முறையில் அகலமான ட்ரீயில் அடுக்கு வீங்கும், ஒரே லிஸ்டில் 10 லட்சம் உறுப்புகள் இருந்தால் 10 லட்சமும் அடுக்கில் உட்காரும். இட்டரேட்டர் முறையில் அந்த இடத்துக்கு ஒன்றே ஒன்று. மொழி உங்களுக்காகச் செய்துகொண்டிருந்ததை நீங்கள் கையால் செய்கிறீர்கள், அவ்வளவுதான். ஏறும்போது வேலை இருக்கிறது, ஆழமும் கட்டுக்குள் இருக்கிறது என்றால் நான் ரிகர்ஷனை விடமாட்டேன்.

சில்லு:

ஆழம் கட்டுக்குள் இருக்கிறது என்கிறீர்கள், யார் கட்டுக்குள்? தளிரின் முதல் பதிவில் ஒரு சொல் இருக்கிறது: வெளியிலிருந்து வரும் ஜேசன். வேர்முடிச்சின் கேள்வியையே திருப்பிக் கேட்கிறேன். இங்கே ஆழத்தைத் தீர்மானிப்பது ஆவணத்தை அனுப்புபவர். அவர் நல்லவராக இருந்தால் 10 மட்டம். இல்லையென்றால் திறப்பு அடைப்புக்குறியையே ஒரு லட்சம் முறை அனுப்புவார், அதற்கு 100 கேபி போதும்.

ஜேசன் லைப்ரரிகள் எழுதுபவர்கள் இதைத் தெரிந்தே வரம்பு வைக்கிறார்கள். பிஎச்பியின் ஜேசன் டீகோட் இயல்பாக 512 மட்டம் வரை ஏற்கும். ரஸ்டின் செர்டே ஜேசன் 128. டாட்நெட்டின் சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசன் 64. இவை எல்லாம் மில்லியன் கணக்கில் பயன்படுபவை, 64 மட்டம் போதவில்லை என்று தவிக்கும் உண்மையான ஆவணம் அரிது.

பைத்தானே ஒரு நல்ல உதாரணம் தருகிறது. கோப்புறைகளை நடக்கும் ஓஎஸ் வாக் நெடுங்காலம் ரிகர்ஷனாகத்தான் இருந்தது. மிக ஆழமான கோப்புறைகளில் பைத்தானின் இயல்பான 1000 அழைப்பு வரம்பைத் தாண்டி ரிகர்ஷன்எர்ரர் என்ற பிழை தந்ததால் 3.12 இல் அதை அடுக்கு வைத்த லூப்பாக மாற்றினார்கள். ஆழத்தைத் தீர்மானிப்பவர் பயனர், லைப்ரரி எழுதியவர் அல்ல. சரியான முடிவு.

ஒற்றையடி:

செட்ரிகர்ஷன்லிமிட் வைத்து பைத்தானின் அந்த வரம்பை ஏற்றிவிட்டால் என்ன? 1000 என்பது வெறும் அமைப்புதானே.

பின்னல்:

வேண்டாம். 1000 என்பது பாதுகாப்புக் கம்பி. 3.11க்கு முன்பு பைத்தான் ஃபங்ஷன் அழைப்புகள் அடியில் உள்ள சி ஸ்டேக்கையும் தின்றன. வரம்பை லட்சங்களுக்கு ஏற்றினால் பிடிக்கக்கூடிய ஓர் எக்செப்ஷனுக்குப் பதிலாகப் புராசஸே செக்மென்டேஷன் ஃபால்ட்டில் செத்துவிடும். 3.11 முதல் பைத்தானில் எழுதிய ஃபங்ஷன் பைத்தானில் எழுதியதை அழைக்கும்போது சி ஸ்டேக் செலவாவதில்லை. ஆனால் நடுவில் சியில் எழுதிய ஏதாவது வந்தால் பழைய கதைதான். மேலும் அந்த அமைப்பு உங்கள் ஃபங்ஷனுக்கு மட்டும் அல்ல, அதே இன்டர்பிரட்டரில் ஓடும் எல்லோருக்கும் மாறுகிறது.

லூப்புக்கும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், இது அதிகம் பேசப்படுவதில்லை. தரவில் சுழற்சி இருந்தால், அதாவது ஒரு பொருள் சுற்றி வந்து தன்னையே காட்டினால், ரிகர்ஷன் வடிவம் ஆயிரமாவது மட்டத்தில் எர்ரரோடு நிற்கும். லூப் வடிவம் நிற்காது. அடுக்கு ஹீப்பில் (ஸ்டேக்குக்கு வெளியே உள்ள பொது நினைவகத்தில்) இருப்பதால் பல சமயம் நினைவகம் முழுவதும் தீரும் வரை வளரும், கணினியே மந்தமாகும், அல்லது அடுக்கு வளராமலேயே முடிவின்றிச் சுற்றும். ஃபைல் சிஸ்டத்தில் வேறிடத்தைச் சுட்டும் சிம்லிங்க்குகளால் இது சாதாரணமாக நடக்கும், ஓஎஸ் வாக் இயல்பாக லிங்க்குகளைப் பின்தொடராமல் இருப்பது அதனால்தான். பார்த்தவற்றின் பட்டியல் வேண்டும் என்பது இரண்டு வடிவத்துக்கும் பொது. ரிகர்ஷனை லூப்பாக்குபவர்கள் இருந்த ஒரே வரம்பையும் எடுத்துவிட்டு, பதிலுக்கு எதையும் வைக்காமல் போவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம்.

தளிர்:

ஜேசனில் இருந்து வந்த பொருளில் சுழற்சி வர வழியில்லை, அந்தக் கவலை எனக்கு இல்லை. ஆழம்தான். நான் நினைப்பது இது: ரிகர்ஷனையே வைத்துக்கொண்டு, ஃபங்ஷனுக்கு ஆழம் என்று இன்னொரு பாராமீட்டர் கொடுத்து, ஒவ்வோர் அழைப்பிலும் 1 கூட்டி, 100 ஐத் தாண்டினால் நானே தெளிவான ஓர் எர்ரர் எழுப்புவது. எங்கள் ஆவணங்களில் அவ்வளவு ஆழம் வர நியாயமே இல்லை. அப்போது லூப்பாக்கத் தேவையில்லை என்று ரிவ்யூவில் பதில் சொல்லலாமா?

சில்லு:

சொல்லலாம். நான் ரிவ்யூ செய்திருந்தால் ஏற்றிருப்பேன். எனக்கு வேண்டியது தெரிந்த மேல்வரம்பு, அது கிடைத்துவிட்டது.

வேர்முடிச்சு:

நானும் இதையே செய்வேன். ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் ரிவ்யூ செய்பவர் இதை யோசித்திருக்க மாட்டார். உங்கள் ஃபங்ஷன் ஒன்றை மட்டும் லூப்பாக்கினாலும் மொத்தப் பாதை பாதுகாப்பாகிவிடாது. பைத்தானின் ஜேசன் பார்சர் உள்ளே ரிகர்ஷன்தான், திரும்ப ஜேசனாக எழுதுவதும் ரிகர்ஷன்தான். முழு நகலெடுக்கும் டீப்காப்பி, லாகில் அச்சிடும்போது ஓடும் ரெப்ர், இரண்டு லிஸ்டுகளை ஒப்பிடும் சமக்குறி, பொருளைச் சேமிக்கும் பிக்கிள் எல்லாமே ஆழம் பார்த்து விழக்கூடியவை. ரஸ்டில் இன்னும் நுட்பமானது உண்டு. பாக்ஸ்களால் (ஹீப்பில் உள்ள மதிப்பைச் சுட்டும் பாயிண்டர்கள்) கோத்த மிக நீளமான லிங்க்டு லிஸ்டை நீங்கள் லூப்பால் மட்டுமே கையாண்டிருந்தாலும், அது ஸ்கோப்பை விட்டு வெளியேறும்போது நினைவகத்தை விடுவிக்கும் இயல்பான டிராப் ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கி ஸ்டேக்கை நிரப்பிவிடும். அதற்கு டிராப்பையே லூப்பாக எழுதித் தர வேண்டும். சிபைத்தானில் இதே ஆபத்துக்காக டிராஷ்கேன் என்ற ஏற்பாடு உள்ளே இருக்கிறது.

அதனால் ஆழத்தை வாசலிலேயே சோதிப்பது எல்லோரையும் காக்கும், ஒரு ஃபங்ஷனை மாற்றுவது அந்த ஒன்றை மட்டும் காக்கும்.

தளிர்:

அப்படியென்றால் என் ஆழச் சோதனை ஓடுவதற்கு முன்பே பார்சர் விழலாமே. டிரை பிளாக்கை எங்கே வைப்பது?

சில்லு:

பார்சர், நடை இரண்டையும் சேர்த்து மூடுங்கள். பார்சரிலிருந்து வரும் ரிகர்ஷன்எர்ரரையும் நீங்கள் எழுப்பும் எர்ரரையும் பிடித்து, ஆவணம் ஏற்கப்படவில்லை என்ற ஒரே பதிலாக அனுப்புங்கள். டெஸ்டில் மூன்று உள்ளீடுகள் வையுங்கள்: சரியாக 100 மட்டம் உள்ளது, 101 மட்டம் உள்ளது, அப்புறம் ஒரு லட்சம் திறப்பு அடைப்புக்குறிகளும் ஒரு லட்சம் மூடல்களும். முதலாவது விடை தர வேண்டும், மற்ற இரண்டும் நிராகரிக்கப்பட வேண்டும். மூன்றாவது டெஸ்டைத் தனிப் புராசஸில் ஓட்டுங்கள், பைத்தான் பதிப்பை உயர்த்தும்போது நடத்தை மாறினால் மற்ற டெஸ்டுகளை இழுத்துக்கொண்டு விழாமல் இருக்கும்.